‘பிரேக் சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள்: செடான் கார் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பத்துக்கென்று வாங்கிய செடான் காரின் பிரேக்கில் சந்தேகம் வந்தால், பெரும்பாலானோர் சர்வீஸ் சென்டரில் சொல்வது “பிரேக் சரியில்லை, கொஞ்சம் பாருங்கள்” என்பதைத்தான். அது ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டில்) “பிரேக் செக்” என்று சுருங்கிவிடும். முன்சக்கர டிஸ்க் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் பேடுகளை உப்புத்தாளில் தேய்த்து, பின்சக்கர டிரம்மில் படிந்த தூசியை ஊதிவிட்டு, “கிளீன் செய்து அட்ஜஸ்ட் செய்தாயிற்று” என்று வண்டியைத் திருப்பித் தருவார்கள். குறை, மிதிக்கும் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரிலோ, அந்த மிதிக்கு வலுச்சேர்க்கும் பூஸ்டரிலோ இருந்தால், அதன் பக்கம் யாரும் போயிருக்கவே மாட்டார்கள்.

பிரேக் கோளாறு என்பது ஒன்றல்ல என்பதை உணராததே முதல் தவறு. பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாய்களில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பிரேக் ஆயில் பழையதாகியிருக்கலாம். பெடல் கல்லைப்போல் இறுகி, முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நிற்கிறது என்றால், பூஸ்டரையோ அதற்குச் செல்லும் வாக்குவம் (வெற்றிட) குழாயையோ சந்தேகிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு சக்கரத்தின் பேடுகளை அழுத்தும் காலிப்பர் சிக்கியிருக்கக்கூடும். டயர் காற்றழுத்த வேறுபாடும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், முதலில் காற்றைச் சரிபார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. நெடுஞ்சாலை வேகத்தில் மெல்ல மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குவது, பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் சீராகத் தேயாததால் வருவது.

மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் இரண்டையும் வண்டியை நகர்த்தாமலேயே நீங்கள் சோதிக்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்தபடி அரை நிமிடம் வைத்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. பிறகு எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும்வரை சில முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் இல்லை. இந்த இரண்டு முடிவுகளையும் சொல்லி வண்டியை விட்டால், உப்புத்தாளோடு வேலை முடிந்துவிடாது.

அடுத்த தவறு, பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஆயிலை ஊற்றி விளக்கை அணைத்துவிடுவது. பேடுகள் தேயத் தேய காலிப்பரின் பிஸ்டன் வெளியே வருவதால், தொட்டியில் அளவு மெதுவாகக் குறைவது இயல்பே. அதாவது, அந்த விளக்கு பேடுகள் தீர்ந்துவருவதைச் சொல்லியிருக்கலாம். ஊற்றியதும் அந்தச் செய்தி மறைந்துவிடுகிறது. மாறாக, சில நாட்களுக்குள்ளேயே அளவு இறங்கினால் அது கசிவுதான். சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்காமலும், காரணம் தெரியாமலும் வண்டியை எடுக்கக் கூடாது. கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ அதில் ஊற்றுவது இன்னும் மோசம். ரப்பர் சீல்கள் ஊதிப்போய், பிரேக் அமைப்பு முழுவதையும் பிரிக்க வேண்டிவரும்.

பிரேக் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதற்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். சமவெளியில் ஓட்டும்வரை இந்த வேறுபாடு தெரியாது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையைப் போல, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான பாதையில், டாப் கியரில் பிரேக்கை மட்டுமே நம்பி, காலை எடுக்காமல் இறங்கும்போது அது தெரியவரும். டிஸ்க்கின் வெப்பத்தில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாக, ஆவி அமுங்கிக்கொடுக்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பிரேக் திரும்பி வந்துவிடும் என்பதால், மறுநாள் சோதித்துப் பார்க்கும் மெக்கானிக் “எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது” என்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதும், தயாரிப்பாளர்கள் பலர் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை ஆயிலை மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான். எரிபொருளை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவோர், பூஸ்டரின் உதவியையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வேலை செய்வதையே கோளாறு என்று எண்ணிக் காலைத் தளர்த்துவதும் அடிக்கடி நடக்கிறது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் இது கட்டாயம். மழைச் சாலையிலோ சரளைக்கல்லிலோ அழுத்தி மிதிக்கும்போது பெடல் துடித்து, அடியிலிருந்து கரகரவென்று ஒலி வந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது என்று பொருள்; காலை எடுக்காமல் மிதித்தபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பலாம். உலர்ந்த சாலையில், மெல்ல மிதிக்கும்போதே துடித்தால் மட்டும் புகார் செய்யுங்கள்.

புகாரில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்பதற்கு டொயோட்டா பிரியஸ் நல்ல உதாரணம். மேடுபள்ளமான அல்லது வழுக்கும் சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஒரு கணம் பிடிப்பு விட்டுப்போகிறது என்று ஓட்டுநர்கள் புகார் கூறினர். 2010 பிப்ரவரியில் அந்நிறுவனம் உலகெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்து, ஏ.பி.எஸ். மென்பொருளைத் திருத்தியது. எந்தச் சாலையில், எப்போது என்பது தெரியாமல் பேடை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் அந்தக் குறை அகப்பட்டிருக்காது.

ஆகவே புகாரை வாய்மொழியாக விட்டுவிடாதீர்கள். வேகம், சாலை, எஞ்சின் சூடு, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லி, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து, குறை தெரியும் சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்க பேடு மட்டும் தேய்ந்திருப்பதைக் கையில் வைத்துக் காட்டினால், “ஓட்டும் முறை சரியில்லை” என்ற பதில் எளிதில் எடுபடாது. பேடு தேய்மானப் பொருள் என்பதால் அதற்கு வாரண்டி கிடைப்பது அரிது. அது ஏன் அப்படித் தேய்ந்தது என்பதற்கான காரணத்துக்கு உண்டு.

காரின் 17 எழுத்து சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டால், அதற்கு ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் விடுக்கும் திரும்ப அழைப்பு) உள்ளதா என்று தெரிந்துவிடும். பழைய கார் வாங்குவோர் இதைத் தவறவே விடக்கூடாது, அழைப்புக் கடிதம் முந்தைய உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, பாதுகாப்புக் குறையுள்ள வாகனங்களைத் திரும்பப்பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. மத்திய அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் உரிமையாளர்கள் புகாரைப் பதியலாம். பணத்தையோ இழப்பீட்டையோ கேட்பதானால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி, மாவட்ட நுகர்வோர் ஆணையம்வரை போகலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே அவகாசம் என்பதால், “அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்கிலிருந்துதான் நாட்கள் கழிகின்றன.