அரச ஆய்வுகூடத்தோடு கூட்டுச் சேருமுன்

வெள்ளவத்தையில் நாங்கள் ஒடியற் கூழ் மா பைக்கற் போடுகிறோம். கொழும்புக் கடற்காற்றில் மூன்றாம் மாதமே மா கட்டிபட்டுவிடும். அதுதான் என்னை ஆய்வுகூட வாசலுக்குக் கொண்டுபோனது.

உங்களுக்குத் தேவை பரிசோதனையா, கூட்டாய்வா? முதலில் இதைத் தீர்மானியுங்கள். "மாவில் ஈரப்பதன் எவ்வளவு?" என்றால் பரிசோதனை. பௌத்தாலோக மாவத்தை ஐ.ரி.ஐ. (அரசின் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம்) போன்ற இடத்தில் காசைக் கட்டி, மாதிரியைக் கொடுத்தால் அறிக்கை வரும். (1955இல் சி.ஐ.எஸ்.ஐ.ஆர். என்று தொடங்கிய இடம். பழைய ஆட்களுக்கு இன்னும் அந்தப் பெயர்தான் வாயில் வரும்.) "எப்படி உலர்த்தி, எந்தப் பைக்கற்றில் அடைத்தால் ஆறு மாதம் நிற்கும்?" என்றால் அது ஆய்வு. அதற்கு உடன்படிக்கை வேண்டும்.

கேள்வியை அளக்கக்கூடிய மாதிரி எழுதிக்கொண்டு போங்கள். "மா பழுதாகிறது" என்றால் யாருக்கும் விளங்காது. பூஞ்சணமா, கட்டிபடுவதா? நீர்ச் செயற்பாடு (பூஞ்சணம் போன்றவை பயன்படுத்தக்கூடிய நீர் எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரை காட்டும் அளவு) 0.6க்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளராது. ஆனால் மா அப்போதும் கட்டிபடலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

இனி நான் பட்டது. முதல் முயற்சி வேறோர் ஆய்வுகூடத்தில், பெயர் வேண்டாம். கலவை விகிதத்தை முதல் நாளே மேசையில் வைத்துவிட்டேன். அடுத்த வருஷம் ஒரு மாநாட்டுச் சுவரொட்டியில் அதே விகிதம்! அந்த விஞ்ஞானியிடம் கள்ளம் இல்லை. கட்டுரை வெளியிடுவது அவருடைய பதவி உயர்வோடு சேர்ந்த விஷயம். ஆகவே வெளியிட வேண்டாம் என்று மல்லுக்கட்டாதீர்கள். "வெளியிட 30 நாளுக்கு முன் எங்களுக்குக் காட்ட வேண்டும், விகிதத்தை மறைக்க வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். விஷயத்தை வெளியே சொல்லமாட்டோம் என்ற இரகசியக் காப்பு உடன்படிக்கையில் கையெழுத்தான பிறகுதான் விகிதம் வெளியே வரவேண்டும். பேட்டன்ட் எடுக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பம் போடும்வரை வெளியாட்களிடம் வாயே திறக்கக்கூடாது. கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம் உங்களுடையது. ஆனால் யார் பெயரில், யாருக்கு எத்தனை பங்கு என்பதைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள்.

விஞ்ஞானி "சரி" என்றால் கந்தோர் சரி என்று அர்த்தமில்லை. நிறுவனத்தின் சார்பில் ஒப்பமிட அதிகாரம் உள்ளவர் யார் என்று முதற் சந்திப்பிலேயே கேளுங்கள். கோப்பு மேசை மேசையாகப் போய்வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

மாதிரிக்கென்று விசேஷமாக அரைத்த மாவைக் கொடுக்காதீர்கள். கடைத் தட்டில் இருக்கும் பைக்கற்றையே, தொகுதி இலக்கத்தோடு கொடுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, அதே தொகுதியில் இரண்டு பைக்கற்றை வீட்டில் எடுத்து வையுங்கள். எங்களுடையது அடுப்படி அலுமாரியில் இருக்கிறது. அம்மா ஒன்றைக் கூழ் காய்ச்சிவிட்டார்.