முதல் நவம்பர்: கால்கரிக்குப் போகும் நம்ம ஊர்க்காரர்களுக்கு

தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆடி மழை விட்டபாடில்லை. லீவு முடிய இன்னும் 11 நாள். பக்கத்து வீட்டு மைனியின் மகன் அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, கனடாவில் நான் இருக்கும் அதே கால்கரிக்குப் படிக்கப் போகிறான். எங்கள் தெருவிலிருந்து மட்டும் அவன் மூன்றாவது ஆள். எல்லோரும் என்னிடம் கேட்பது, என்ன கொண்டுபோக வேண்டும் என்று. அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது நவம்பரைப் பற்றி, அப்போது காலில் நீளக் கட்டை மாட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீ விளையாட்டைப் பற்றி.

செப்டம்பரும் அக்டோபரும் எப்படியோ ஓடிவிடும். வங்கிக் கணக்கு, வேலை பார்க்கத் தேவையான சின் நம்பர், வாடகை வீடு, பஸ் பாஸ் என்று அலைகிற அலைச்சலே ஒரு துணை. கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டா மாகாணத்தின் ஹெல்த் கார்டுக்கு, அதாவது அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு, வந்த 3 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். கீழே சொல்லப்போகிற காரியத்துக்கு அது அவசியம். அப்புறம் நவம்பர் வரும். வேலை எல்லாம் முடிந்திருக்கும், ஆள்தான் இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டோம்.

நம் மாவட்டம் இருப்பது 8 டிகிரி வடக்கில். வருடத்திலேயே குறைந்த பகல்கூட இங்கே பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். கால்கரி 51 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரம்கூடத் தேறாது. நான் அங்கே போய்ச் சேர்ந்த வருடம் நவம்பர் கடைசியில் மாலை நாலரைக்கு இருட்டிவிட்டது. நான் நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்தால் மறுபடி ராத்திரி. ஊருக்கும் அங்கேயும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அம்மை போன் பண்ணும்போது பின்னால் பேண்டு வாத்தியம் கேட்கும். "மக்கா, ஒனக்க ஊர்ல மழை உண்டா?" என்று கேட்பாள். பனி பெய்கிறது என்பேன். பனியெல்லாம் இங்கேயும் பெய்கிறது என்று போனை வைப்பாள். அவள் சொல்வதிலும் தப்பில்லை. மார்கழியில் புல்லில் உட்காரும் ஈரத்துக்கும், முழங்கால் வரை கொட்டுகிற வெண்பனிக்கும் நாம் ஒரே சொல்லைத்தானே வைத்திருக்கிறோம்.

மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கூட வேலை பார்த்த ஒரு ஃபிலிப்பைன்ஸ்காரப் பெண், காரணம் எதுவும் கேட்காமல், ஒரு லீவு நாளில் ஸ்கீ விளையாடக் கூட்டிக்கொண்டு போனாள். அதனால்தான் இந்தக் குறிப்பு.

எல்லோரும் ஜனவரிக்குக் காத்திருக்கச் சொல்வார்கள். சரிவெல்லாம் பனி மூடி, ஆட்களை மேலே ஏற்றிவிடும் எல்லா லிஃப்டும் ஓட ஆரம்பித்த பிறகு போ என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நவம்பரிலேயே போங்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கும்போது முதல் தண்ணீர் மெலிசாக விழும், பாறை தெரியும், அப்படித்தான் அந்த மலைகளும். இரண்டு மூன்று பாதைதான் திறந்திருக்கும். இரண்டு பக்கமும் காய்ந்த புல், நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை. ஏழு மாதமாகக் காலில் கட்டை மாட்டாத தேர்ந்த ஆட்கள்கூட அன்று கொஞ்சம் தடுமாறுவார்கள். புதுசாகக் கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. விழுவதற்கு வெட்கமே இருக்காது.

எங்கே போவது? நகரத்தின் மேற்கு ஓரத்திலேயே வின்ஸ்போர்ட் குன்று இருக்கிறது. 1988 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கீ ஜம்ப் நடந்த இடம். சின்னதுதான், ஆனால் முதல் நாளுக்கு அதுதான் சரி. ஒரு மணி நேரம் காரில் போனால் நக்கிஸ்கா. அதே ஒலிம்பிக்குக்காகவே அமைத்த மலைச்சரிவு. அங்கே செயற்கைப் பனி அடிக்கிறார்கள். தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் சேர்த்துப் பீரங்கி மாதிரி ஒன்றின் வழியே பீய்ச்சுவார்கள். காற்று வறண்டிருந்து, பூஜ்யத்துக்கு ஓரிரண்டு டிகிரி கீழே போனாலே அது பனியாக விழும். அதனால்தான் அங்கே சீக்கிரம் திறக்க முடிகிறது. இன்னும் தள்ளி, பான்ஃப் தேசியப் பூங்காவுக்குள் நார்க்வே, சன்ஷைன் வில்லேஜ், லேக் லூயிஸ் மூன்றும் இருக்கின்றன. பூங்காவுக்குள் போகத் தனியாக பாஸ் வாங்க வேண்டும், மறக்காதீர்கள். சன்ஷைனில் கார் நிறுத்துமிடமே கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,660 மீட்டர். நம்ம மகேந்திரகிரியின் உச்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது, நாம் அண்ணாந்து பார்த்து வளர்ந்த மலையின் தலையில் காரை நிறுத்திவிட்டு, அங்கிருந்து கம்பியில் தொங்கிப் போகும் கோண்டோலாப் பெட்டியில் மேலே போகிறார்கள். முதல் தடவை எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வானிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். கால்கரியில் சினூக் என்று ஒரு காற்று உண்டு. சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏறிவிடும், கிடந்த பனியெல்லாம் உருகி ஓடும். இது நமக்குப் புரியாத விஷயமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கமெல்லாம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டும்போது வெறும் வறண்ட காற்றாகி முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிறதல்லவா? அங்கே பசிபிக் கடல் காற்று ராக்கி மலையின் மேற்குப் பக்கத்தில் ஈரத்தை எல்லாம் இறக்கிவிட்டு, கிழக்கே சரிந்து இறங்கும்போது சூடாகிறது. உருகிய பனி ராத்திரியில் மறுபடி உறைந்தால் மறுநாள் சரிவு கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த நாளை விட்டுவிடுங்கள்.

முதல் நாளே பாடத்தோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். நண்பன் சொல்லித் தருவான் என்று போனால், அவன் பத்து நிமிடத்தில் பொறுமை இழந்து மேலே போய்விடுவான். எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸ் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். எனக்கு ஒரு வாடகைக் கடையில், நான் கூச்சப்பட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாததால், ஒன்றரை அளவு பெரிய பூட்ஸ் கொடுத்துவிட்டார்கள். கால் உள்ளே நீந்தியது, கட்டை எங்கோ போயிற்று. விரல் நுனி முன்னால் இலேசாகத் தொட வேண்டும், குதிகால் எழும்பவே கூடாது. சாக்ஸ் ஒன்றே ஒன்றுதான். இரண்டு போட்டால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், குளிர்தான் கூடும். எடை, உயரம், வயது கேட்பார்கள். கூச்சத்தில் எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழும்போது எவ்வளவு விசை பட்டால் கட்டை காலை விட்டுக் கழல வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடுக்குகிறார்கள்.

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். கம்பளி அல்லது பாலியஸ்டர் போடுங்கள். தாத்தாமார் கட்டும் மஃப்ளர் சறுக்கும்போது எதிலாவது மாட்டும்; கழுத்தை மூடக் குழாய் மாதிரித் துணி விற்கிறார்கள், அது போதும். "நமக்கெதுக்கு சன்ஸ்கிரீன்" என்று சிரிக்காதீர்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும். ஒரு நாள் வெயிலில் என் மூக்கு உரிந்து வந்தது.

அப்புறம் சறுக்குவது. கட்டைகளின் முன்நுனி இரண்டையும் நெருக்கி, பின்னால் அகட்டி வைக்க வேண்டும். குழந்தைகளுக்கு அதை பீட்சா என்று சொல்லித் தருகிறார்கள், நமக்கும் அப்படியே. அதுதான் பிரேக். மருத்துவாழ்மலையில் இறங்கும்போது உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இறங்குவோம் இல்லையா, அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. பயத்தில் பின்னால் சாய்ந்தால் கட்டையின் முன்பக்கம் லேசாகிப் பிடி விட்டுப்போகும். கணுக்காலுக்கு மேலே எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்துகிற அளவு முன்னால் சாயுங்கள். நமக்குப் பிடித்த ஒரு சொல்லையும் வைத்துக்கொள்ளலாம்: பைய. எனக்கு நானே "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டுதான் இறங்கினேன்.

விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக விழுங்கள். கையில் ஊன்றிக்கொள்ளும் ஸ்கீ கம்பு இருந்தால் விட்டுவிடுங்கள். கம்பைப் பிடித்தபடியே விழுந்து கட்டைவிரலின் அடியில் இருக்கும் தசைநார் கிழிந்து வருகிறவர்கள் அவ்வளவு பேர். இந்தக் காயத்துக்கு ஸ்கீக்காரர் கட்டைவிரல் என்றே பெயர். முதல் நாள் கம்பே வேண்டாம். ஆம்புலன்ஸ் கட்டணம் பொதுவாக அரசு காப்பீட்டில் வராது என்பதையும் சொல்லிவைக்கிறேன். கயிறு கட்டி அடைத்த இடத்துக்குள் போகவே கூடாது. சீசன் தொடக்கத்தில் மெல்லிய பனிக்கு அடியில் பாறையும் மரக்குற்றியும் இருக்கும். வேலிக்கு வெளியே பனி மொத்தமாகச் சரிந்து விழும் ஆபத்தும் உண்டு.

பணம் ஆகும், மறைக்கவில்லை. பான்ஃப் மலைகளில் ஒரு நாள் டிக்கெட்டே 100 டாலரைத் தாண்டும். அதனால்தான் முதலில் நகரத்துக் குன்று என்கிறேன். அக்டோபர் வாக்கில் பழைய சாமான் விற்கும் ஸ்கீ ஸ்வாப் நடக்கும். ஜாக்கெட், ஹெல்மெட் மலிவாகக் கிடைக்கும். ஹெல்மெட் மட்டும் விரிசல் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

என் முதல் நாளில் 14 தடவை விழுந்தேன், எண்ணினேன். தரையில் ஊர்கிற மேஜிக் கார்ப்பெட்டில் நின்று மேலே போவேன், பாதியில் விழுவேன், ஐந்து வயதுப் பொடிசுகள் என்னைச் சுற்றிக்கொண்டு போகும். ஊரை நினைக்க நேரமே இல்லை. மலையின் அழகைப் பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை. என் கட்டையின் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரம் போனை எடுக்கவில்லை என்பது காரில் ஏறியபோதுதான் தெரிந்தது. அம்மையிடமிருந்து 6 மிஸ்டு கால். வழியில் அந்தப் பெண் அவளுடைய ஊர்க்காரர் கடை ஒன்றில் நிறுத்தினாள். ஃப்ரீசரில் தோல் சீவிய மரச்சீனி பொட்டலம் கிடந்தது, பக்கத்திலேயே உறைந்த சாளை. வீட்டுக்கு வந்து கிழங்கு அவித்து, மீன் குழம்பு வைத்து, நின்றபடியே சாப்பிட்டேன். மூன்று வாரத்துக்குப் பிறகு வந்த பசி.

இது எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். உயரம் ஆகாதவர்கள், முழங்கால் சரியில்லாதவர்கள் கால்கரி வழியே ஓடும் ‘போ’ (Bow) என்ற ஆற்றின் கரையில் பகல் வெளிச்சத்தில் நடந்தால்கூடப் போதும். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் திரும்பவில்லை என்றால் அதை மலையிடம் விடாதீர்கள். 811க்கு அழைத்தால் எந்த நேரமும் ஒரு நர்ஸ் பேசுவார்.

மைனி நேற்றுப் பெட்டி கட்டும்போது 2 லிட்டர் தேங்காய் எண்ணெய் வைத்தாள். 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகிவிடும், அங்கே வருடம் முழுக்கக் கரண்டியால் சுரண்ட வேண்டியதுதான் என்றேன். கேட்கவில்லை. "அங்க விழுந்தா யாரு பிள்ளே தூக்குவா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு இன்னொரு பாட்டிலையும் சொருகினாள்.

பையனை நான் திண்ணைக்குக் கூப்பிட்டேன். ஸ்கீ பூட்ஸ் அளவு சென்டிமீட்டர் கணக்கு. குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லி, தையல் டேப்பை வைத்துப் பெருவிரல் வரை அளந்தேன். இடது 26, வலது இருபத்தாறரை. பெரிய காலின் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். "எதுக்கு அக்கா?" என்றான். போன் பின்னட்டையில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.