அடியில் களிபோல் இறுகிய பட்டர் கேக்: கடைசியில் என்ன செய்தேன்

பட்டர், சீனி, கோதுமை மா தலா 250 கிராம், முட்டை ஐந்து. மூன்று தரம் சுட்டும் அடியில் ஒரு விரல் தடிப்புக்கு ஈரக் களி, நடுவில் பள்ளம். பேக்கிங் பவுடரைக் கூட்டினேன், பள்ளம்தான் பெரிதானது. நான் சுடுவது இலங்கை மலைநாட்டு ஊரான நுவரெலியாவில், ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, கேக் அவசரமாக எழும்பி அமுங்கிவிடும். பேக்கிங் பவுடரை இரண்டு தேக்கரண்டியிலிருந்து ஒன்றரையாகக் குறைத்து, சீனியையும் 225 கிராமாக்கியதும் பள்ளம் போனது. களி போகவில்லை.

காரணம் கலவை அடிக்கும் கண்ணாடிப் பாத்திரம்! அலுமாரியிலிருந்து எடுத்தபோது ஐஸ் மாதிரி இருந்தது. அடுப்பருகே இளகவைத்த பட்டர் அதில் விழுந்ததும் மறுபடி இறுகியது. மூன்றாவது முட்டைக்குக் கலவை பால் திரிந்ததுபோல் பிரிந்தது. திரிந்த கலவையில் காற்று நிற்காது, அதுதான் அடியில் களியாகிறது.

இப்போது பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைக்கிறேன். முட்டைகளை ஓட்டோடு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் போடுகிறேன். பட்டர், சீனி வெளுக்கும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். பிரியத் தொடங்கினால் ஒரு மேசைக்கரண்டி மா போட்டால் கூடிவரும். மாவைக் கரண்டியால் மடித்தால் போதும், அடிக்கும் மெஷின் (பீட்டர்) வேண்டாம். நேற்றுச் சுட்டது அடிவரை ஒரே பதம்.