விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்

விண்டோஸின் மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நம் நேரத்துக்கு அப்போது இரவு பத்தரை தாண்டியிருக்கும். கும்பகோணத்தில் சேவை மையமோ, மன்னார்குடியில் உரக்கடையோ, ரைஸ்மில்லில் எடைமேடையோ வைத்திருப்பவருக்கு விஷயம் தெரிவது புதன்கிழமை காலை ஷட்டரைத் தூக்கிய பிறகுதான். நவம்பரில் அந்தச் செவ்வாய் 8-க்கும் 14-க்கும் நடுவில் விழும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் நடுவில் வருகிறது. சிட்டா, அடங்கலோடு ஆட்கள் வரிசையில் நிற்கும் அதே வாரம்.

ஆகவே முதல் வேலை, தேதியை நம் கைக்குக் கொண்டுவருவது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்து, ‘பாஸ் அப்டேட்ஸ்’ (Pause, தற்காலிக நிறுத்தம்) என்பதில் வாரக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் 5 வாரம் வரை தள்ளலாம். நவம்பர் முதல் வாரத்தில் இரண்டு வாரம் தள்ளிவைத்து, கூட்டம் ஓய்ந்ததும் ஒரு சனிக்கிழமை மாலை போட்டுக்கொள்வது நல்லது. அதற்குள் பெரிய கோளாறு இருந்தால் வெளியே தெரிந்துவிடும், திருத்தமும் வந்திருக்கும். அப்டேட்டே வேண்டாம் என்று சர்வீசஸில் (விண்டோஸின் பின்னணி வேலைகளின் பட்டியல்) போய் நிரந்தரமாக அணைத்துவைப்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது.

அப்டேட் போடும் நேரத்தில் கரண்ட் போவதுதான் டெல்டாவில் அதிகம் பார்க்கிற கோளாறு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் இருக்கும் நாளில் தொடங்கவே கூடாது. சாதாரண 600 விஏ யுபிஎஸ் டெஸ்க்டாப்பைச் சில நிமிடம்தான் தாங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் உள்ள மெஷினில் அப்டேட் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இன்வெர்ட்டர் லைன் இருந்தால் அதில் மாட்டுங்கள், லேப்டாப் என்றால் முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மெஷினைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் (ஃபர்ம்வேர்) அப்டேட்டும் சில கம்பெனி மெஷின்களுக்கு விண்டோஸ் வழியாகவே வருகிறது. அது ஓடும்போது கரண்ட் போனால் மதர்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். எனவே ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பட்டியலில் ஃபர்ம்வேர் என்று இருப்பதைத் தேவையில்லாமல் டிக் செய்யாதீர்கள்.

சதவீதம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது என்று உடனே ஸ்விட்சை அணைக்க வேண்டாம். கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுங்கினால் உள்ளே வேலை நடக்கிறது. இரண்டு மூன்று மணி நேரமாகியும் நகராமல், விளக்கும் அசையாமல் இருந்தால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

மெஷின் ஓடுகிறது, பிரிண்ட் மட்டும் வரவில்லை என்றால் டிரைவரை (கருவியை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) திரும்பப் போடுவதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். பிரிண்டர் பட்டியலில் அதே பெயரில் ‘காப்பி 1’ என்று இரண்டாவது முளைத்திருக்கலாம். பில்லிங் மென்பொருள் பழையதற்கே அனுப்பிக்கொண்டிருக்கும். அடுத்து, பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதி: யுஎஸ்பி001 இருந்த இடம் யுஎஸ்பி002 ஆகியிருந்தால் சரியானதை டிக் செய்தாலே போதும். மூன்றாவது, பேப்பர் அளவு. எடைமேடை டாட் மேட்ரிக்ஸில் டிரைவர் மாறியதும் அளவு ஏ4-க்குத் திரும்பிவிடும், ஒரு ரசீதுக்கு மூன்று ரசீதுக் காகிதம் ஓடும். பழைய அளவை முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பிரிண்டர் மீதே ஒட்டிவைத்தால் ஐந்து நிமிட வேலை. ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதையும் அணைத்துவையுங்கள்.

கைரேகைக் கருவியில் விளக்கு எரிகிறது, ஆனால் பிரவுசர் ‘டிவைஸ் இல்லை’ என்கிறது என்றால் பெரும்பாலும் கோளாறு கருவியில் இல்லை. பிரவுசர் பேசுவது அதே மெஷினில் ஓடும் ஆர்டி சர்வீஸோடு, அதாவது கருவிக்கும் பிரவுசருக்கும் நடுவில் நிற்கும் மென்பொருளோடு. ரீஸ்டார்ட்டுக்குப் பின் அது எழுந்திருக்கவில்லை. சர்வீசஸைத் திறந்து அதன் பெயரில் வலது கிளிக் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். ஸ்டார்ட்அப் வகையை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். அதிலும் சரிவரவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் கருவியின் பிராப்பர்ட்டீஸ், டிரைவர், ‘ரோல் பேக் டிரைவர்’. அந்தப் பட்டன் மங்கியிருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை. கருவி கம்பெனியின் தளத்திலிருந்து புதிதாகப் போட வேண்டியதுதான்.

இரண்டு மெஷின் உள்ள கடையில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஏறியதும் மற்ற மெஷினின் ஷேர் ஃபோல்டர் திறக்காமல் போகலாம். பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக நுழைவதை ப்ரோ பதிப்பில் அது மறுக்கிறது. பாதுகாப்பைத் தளர்த்தும் குறுக்குவழிகள் யூடியூபில் நிறைய உண்டு, அவை வேண்டாம். ஃபோல்டர் இருக்கும் மெஷினில் பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கி, அந்தப் பெயரில் நுழையுங்கள்.

மற்ற எல்லாம் பார்த்தாயிற்று, அப்டேட்தான் காரணம் என்றால் அதைக் கழற்றலாம். விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். தேதியைப் பார்த்துக் கடைசியாக வந்த கேபி எண் (ஒவ்வொரு அப்டேட்டுக்கும் உள்ள எண்) கொண்ட அப்டேட்டை நீக்கி ரீஸ்டார்ட் செய்து, உடனே பாஸ் போடுங்கள்; இல்லையென்றால் அன்றிரவே திரும்ப வந்து உட்காரும். 24எச்2 மாதிரி பெரிய பதிப்பு என்றால் சிஸ்டம், ரெக்கவரி, ‘கோ பேக்’. இதற்கு அவகாசம் பத்து நாள்தான். இடம் போதவில்லை என்று அதற்குள் பழைய பதிப்பு இருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

டெஸ்க்டாப்பே வரவில்லையா? லோகோ தெரியும்போது பவரை அணையுங்கள். இதையே திரும்பச் செய்தால் மூன்றாவது முறை ரிப்பேர் திரை வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய் ‘லேட்டஸ்ட் குவாலிட்டி அப்டேட்’டை நீக்குங்கள். 2025 அக்டோபரில் வந்த கேபி5066835 இந்தத் திரையிலேயே யுஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யவிடவில்லை; ஒரு வாரத்துக்குள் திருத்தம் வந்தது. பரணில் கிடக்கும் உருண்டை முனை பிஎஸ்2 கீபோர்டைத் தூக்கிப் போடாதீர்கள், மதர்போர்டில் அந்த ஓட்டை இருந்தால் உதவும்.

நீலத் திரையில், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்கக் கீயைக் கேட்பதுதான் ஆளை உட்கார வைத்துவிடும். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பின் பல மெஷின்கள் இப்படிக் கேட்டன. கீ இல்லாமல் உள்ளே இருக்கும் ஃபைலை யாராலும் எடுக்க முடியாது. அந்தக் கீ, முதன்முதலில் மெஷினை செட்டப் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பல இடங்களில் அந்தக் கணக்கு, மெஷினை விற்ற கடைப் பையன் அவசரத்துக்குப் போட்ட ஏதோ ஒரு மெயில் ஐடி. ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க்பாரின் தேடல் கட்டத்தில் பிட்லாக்கர் என்று தேடி, ‘பேக் அப் யுவர் ரெக்கவரி கீ’ கொடுத்துக் காகிதத்தில் எடுத்துவிடுங்கள். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்து காகிதத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் இலக்கங்களைத் தட்ட வேண்டும். இரண்டு மெஷின் உள்ள கடையில் காகிதம் மாறிப்போவது சகஜம், ஒவ்வொன்றின் மேலும் மெஷின் பெயரை எழுதிவையுங்கள்.