குழந்தை ஞானஸ்நானம் பற்றிய கேள்வியை வேதபாட வகுப்பில் எடுத்து நடத்துவது எப்படி?

பல சபைகளைச் சேர்ந்தவர்கள் கூடும் வேதபாட வகுப்பை நடத்துகிற எவரும், “குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா?” என்ற கேள்வியை ஒருநாள் எதிர்கொண்டே ஆகவேண்டும். கேட்டவுடன் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், தெளிப்பா முழுக்கா என்ற வழக்கிலேயே மாலைப் பொழுது கழிந்துவிடும். ஆதாமிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்தது என்ன, ஒருவர் தம் பாவத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டிய நிலை எப்போது தொடங்குகிறது என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ஒரு சபை சொல்லும் பதில் தெரிந்துவிட்டால், ஞானஸ்நானத்தைப் பற்றி அது என்ன சொல்லும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

முதல் வேலை சொற்களைத் துலக்குவது. நம் சீர்திருத்தச் சபைகளில் ஜென்மப்பாவம், கர்மப்பாவம் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். கத்தோலிக்கர் இன்று பிறப்புநிலைப் பாவம் என்கிறார்கள். இங்கே ‘ஜென்மம்’ முற்பிறவியைக் குறிக்காது, ‘கர்மம்’ வினைப்பயனையும் குறிக்காது. பிறக்கும்போதே நம்மோடு இருப்பது ஒன்று, நாமே செய்வது மற்றொன்று, அவ்வளவே. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் வகுப்பில் இருந்தால், இதைச் சொல்லாமல் கடந்துபோவது பெரிய பிழை.

அடுத்து ரோமர் 5:12ஐ உரக்க வாசிக்கச் செய்யுங்கள். “எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்” மரணம் எல்லாருக்கும் வந்தது என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. வட ஆப்பிரிக்கப் பேராயரும் இறையியலாளருமான அகுஸ்தீன் (354–430) கையில் இருந்த லத்தீன் வாசகமோ, ‘அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்’ என்று பொருள்கொள்ள இடம் தந்தது. ஆதாமின் குற்றத்திலேயே அவன் சந்ததி முழுவதும் பங்குடையது என்று அவர் போதித்ததற்கு இந்த வசனம் ஒரு தூண். ஒரே தூண் அன்று. “என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்” என்னும் 51ஆம் சங்கீதமும், பாவமன்னிப்புக்கென்றே குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுத்துவந்த சபை வழக்கமும் அவருக்குத் துணைநின்றன. ஆதாமின் பாவம் சந்ததிக்கு வருவதில்லை என்ற பெலாகியுஸின் போதனையை மறுத்த, 418ஆம் ஆண்டின் கார்த்தேஜ் சங்கமும் (வட ஆப்பிரிக்க ஆயர்களின் கூட்டம்) அந்த வழக்கத்தையே சுட்டிக்காட்டியது.

இப்போது பலகையில் மரணம், சீர்கெட்ட சுபாவம், குற்றப்பொறுப்பு என்று மூன்று சொற்களை எழுதி, ஒவ்வொரு மரபும் எதுவரை போகிறது என்று கேளுங்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபையினர் முதல் இரண்டையும் ஏற்று மூன்றாவதைப் பொதுவாக மறுப்பார்கள். லுத்தரன் சபையாரும் கால்வின் வழிவந்த சீர்திருத்த மரபினரும் மூன்றையும் ஏற்பார்கள். கத்தோலிக்கப் போதனையை இங்கே கவனமாகச் சொல்லவேண்டும்: ஆதி பரிசுத்த நிலையை இழந்தவர்களாய்ப் பிறக்கிறோம், அது பாவம் எனப்பட்டாலும் குழந்தை தானே செய்த குற்றமன்று. ஞானஸ்நானத்துக்குப் பின் எஞ்சும் இச்சை அதனளவில் பாவமன்று என்று 1546இல் திரெந்து சங்கம் அறிவித்தது. அதுவும் மெய்யாகவே பாவம் என்பது லுத்தரன் நிலை. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் பலர், சுபாவம் பிறப்பில் வருகிறது, தீர்ப்போ சொந்தச் செயலின்மேல் வருகிறது என்பார்கள்.

கணக்கொப்புவிக்கும் வயதைப் பேசுமுன், எதிரில் இருப்பவர்களின் முகங்களை ஒருமுறை பாருங்கள். என் வகுப்பில் ஒரு தாய், பிறந்த மூன்றாம் நாளே இழந்த பிள்ளையை நினைத்துக்கொண்டு கடைசிவரை ஒன்றும் பேசாமல் இருந்தார். நான் அதை அறியாமல் சங்கங்களின் தீர்மானங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். “நன்மை தீமை அறியாத” பிள்ளைகள் என்று உபாகமம் 1:39 சொல்கிறது. “பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்” என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது. ஆனால் இத்தனை வயது என்று வேதம் எங்கும் வரையறுக்கவில்லை. பன்னிரண்டு என்பார்கள், இயேசு அந்த வயதில் தேவாலயத்தில் இருந்தார் என்பது அதற்குச் சட்டமாகாது. ஏழு வயது நிரம்பியவருக்குப் பகுத்தறிவு உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அனுமானிக்கிறது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் இரட்சிப்பை நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணையமே எழுதியது. இறந்த பிள்ளையைக் குறித்து, “நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை” என்று தாவீது சொன்னதையும் வாசியுங்கள்.

இனி தண்ணீருக்கு வரலாம். ஒரே ஊரான கார்த்தேஜிலிருந்து இரண்டு குரல்களை எடுத்துக்காட்டினால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஏறத்தாழ 200ஆம் ஆண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், குற்றமறியாத வயது பாவமன்னிப்புக்கு ஏன் விரையவேண்டும் என்று கேட்டு, சிறுவர் வளரும்வரை காத்திருக்கச் சொன்னார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரின் பேராயர் சிப்ரியான், எட்டாம் நாள்வரைகூடத் தாமதிக்கவேண்டாம் என்றார். குழந்தைக்கு மன்னிக்கப்படுவது அதன் சொந்தப் பாவமல்ல, பிறருடையது என்பது அவர் சொன்ன காரணம். குழந்தை ஞானஸ்நானம் பின்னாளில் புகுந்த வழக்கம் என்பவரும், தொடக்கமுதல் எல்லாரும் ஒருமனதாக ஏற்றது என்பவரும் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அப்போஸ்தலர் 2:38இல் “பாவமன்னிப்புக்கென்று” என்ற ஒரு சொல்லில் நின்று பேசுங்கள். மன்னிப்பைப் பெறும்பொருட்டு என்று ‘கிறிஸ்துவின் சபை’ (Church of Christ) என்னும் பிரிவினர் வாசிப்பார்கள்; பெற்ற மன்னிப்பின் அடையாளமாக என்று பாப்டிஸ்டுகளில் பலர் வாசிப்பார்கள். தமிழ்ச் சொல் முதல் பொருளுக்கே நெருக்கமானது என்பது என் எண்ணம். ஆயினும் அதைக் கொண்டு கிரேக்கச் சொல்லின் வழக்கைத் தீர்க்க முடியாது. மாற்கு 16:16இன் பின்பாதி விசுவாசியாதவனை மட்டும் குறிப்பிடுவதையும், ஞானஸ்நானம் பெறாமலே இரட்சிப்பின் வாக்கைப் பெற்ற, சிலுவையில் தொங்கிய கள்ளனையும் யாராவது எடுக்காமல் இருக்கமாட்டார்கள். தேவன் இரட்சிப்பை ஞானஸ்நானத்தோடு கட்டியிருக்கிறார், தாமோ அதற்குக் கட்டுப்பட்டவரல்லர் என்ற கத்தோலிக்க மறைக்கல்வியின் பதிலை அப்போது சொல்லலாம்.

இறுதியில் மறுஞானஸ்நானம் பற்றிய கேள்வி வரும். 1525இல் சூரிச்சில் முழுவயதினராய் ஞானஸ்நானம் பெற்றவர்கள், தாங்கள் மறுபடி பெற்றதாகவே நினைக்கவில்லை. குழந்தைப் பருவத்தில் நடந்தது ஞானஸ்நானமே அன்று என்பது அவர்கள் வாதம். 1970இல் உருவான வட இந்தியத் திருச்சபையோ இரண்டு முறைகளுக்கும் ஒரே சபைக்குள் இடம் கொடுத்தது. இங்கே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் தம் சபையின் விசுவாச அறிக்கையைத் தேடிப் பார்த்து, பலகையிலுள்ள மூன்று சொற்களில் எவற்றை அது ஏற்கிறது என்று எழுதி அடுத்த வாரம் கொண்டுவரட்டும்.