வயசான காலத்துல கடல் தாண்டிப் போன முன்னோரைத் தேடுறப்போ நாம பண்ற தப்புகள்

ஒரு சென்சஸ்ல இருக்காங்க, பத்து வருஷம் கழிச்சு எடுத்ததுல காணோம், வயசு கணக்குப் போட்டா அறுபதைத் தாண்டியிருக்கு, சரி நடுவுல இறந்துட்டாங்க போலன்னு ஃபேமிலி ட்ரீல தோராயமா ஒரு வருஷத்தைப் போட்டு முடிச்சிடறோம். இதை விடப் பெரிய தப்பு இந்தத் தேடல்ல கிடையாது. அந்த ஒரு வரியை எழுதின பிறகு நம்ம வீட்ல யாரும் அவங்களைத் தேடவே மாட்டாங்க, அதைப் பார்த்து காப்பி பண்றவங்களும் தேட மாட்டாங்க. இறப்புப் பதிவு கையில கிடைக்காத வரைக்கும் அந்த இடம் காலியா இருக்கட்டும். சென்சஸ்ல காணோம்னா சென்சஸே இல்லாமலும் இருக்கலாம்: இங்கிலாந்தோட 1931 சென்சஸ் 1942ல தீயில போயிடுச்சு, 1941ல எடுக்கவே இல்ல. அமெரிக்காவோட 1890 சென்சஸும் கிட்டத்தட்ட முழுசாப் போச்சு.

அடுத்தது, அந்த வயசானவரோட பேரை மட்டும் வச்சுக்கிட்டே தேடறது. எனக்கு மாசக்கணக்குல நேரம் போனது இதுல தான். சின்ன வயசுல போறவங்க வேலைக்குப் போவாங்க, அறுபதுக்கு மேல போறவங்க பெரும்பாலும் பிள்ளைங்ககிட்ட போவாங்க. துணை இறந்திருக்கும், முன்னாடியே போய் செட்டிலான மகனோ மகளோ கூப்பிட்டிருப்பாங்க. அதனால முதல்ல பிள்ளைங்களைத் தேடுங்க, அதுவும் எல்லாப் பிள்ளைங்களையும். நாம நம்ம நேர் வழியை, அதாவது நாம யார் வழியில வந்தோமோ அந்தப் பிள்ளையை மட்டும் தான் பார்க்கறோம், ஆனா நேர் வழி ஆள் ஊர்லயே தங்கியிருப்பாரு, தாய் கடைசி மகள் வீட்டுக்குப் போயிருப்பாங்க, அந்த மகளுக்குக் கல்யாணம் ஆகி சர்நேம் மாறியிருக்கும், அந்த சர்நேம் நமக்குத் தெரியவே தெரியாது.

1900, 1910 அமெரிக்க சென்சஸ் பக்கம் ஒண்ணைத் திறந்து பாருங்க, நான் சொல்றது புரியும். மேல மருமகன் பேரு, கீழ அவர் மனைவி, பிள்ளைங்க, கடைசி வரியில வேற சர்நேம்ல ஒரு விதவை, வயசு 68, குடும்பத் தலைவருக்கு என்ன உறவுங்கற இடத்துல மாமியார்னு இருக்கும். அதே வரியில எந்த வருஷம் நாட்டுக்கு வந்தாங்க, எத்தனை பிள்ளை பெத்தாங்க, அதுல எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னும் இருக்கும். பெத்தது 9, இருக்கறது 5ன்னு இருந்து, உங்க கையில இருக்கற பழைய சர்ச் பதிவுலயும் 9 ஞானஸ்நானம், 4 அடக்கம்னு வந்தா, பேரு ஸ்பெல்லிங் எப்படி இருந்தாலும் அது அவங்களா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

பேர் விஷயத்துல ரெண்டு சொல்லணும். இத்தாலியிலேர்ந்து போன கல்யாணமான பெண்கள் கப்பல் லிஸ்ட்ல, அதாவது கப்பல்ல வந்த பயணிகள் பட்டியல்ல, பெரும்பாலும் அப்பா வீட்டு சர்நேம்ல தான் இருப்பாங்க, ஸ்காட்லாந்து பதிவுகள்லயும் அந்தப் பேர் விடாம வந்துக்கிட்டே இருக்கும், அதனால கணவர் பேரை மட்டும் போட்டுத் தேடினா ஆள் சிக்காது. இன்னொண்ணு, நியூயார்க்ல கப்பல்ல வந்து இறங்கினவங்களை விசாரிச்சு உள்ளே விட்ட எல்லிஸ் தீவுல அதிகாரிங்க பேரை மாத்திட்டாங்கன்னு எல்லாக் குடும்பத்துலயும் ஒரு கதை இருக்கும். அங்க இருந்த இன்ஸ்பெக்டர்கள் புதுசா பேர் எழுதல, கப்பல் கம்பெனி ஏத்தின இடத்துலயே எழுதிக் கொடுத்த லிஸ்ட்டை வச்சு சரி பார்த்தாங்க. அந்தக் கதையை நம்பி தேடலை நிறுத்திடாதீங்க, கப்பல் ஏறின நாட்டுல அவங்களுக்கு இருந்த பேர்லயே தேடுங்க.

கப்பல் லிஸ்ட்ல பேரைக் கண்டுபிடிச்சதும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் டவுன்லோட் பண்ணிட்டு மூடறது ரொம்ப வருத்தமான தப்பு, ஏன்னா வயசானவங்களுக்கு முக்கியமான பக்கம் அது இல்ல. தனியா வந்த வயசானவங்களை எல்லிஸ் தீவுல நிறைய நேரம் நிறுத்தி வச்சாங்க, அரசாங்கத்துக்குப் பாரமா ஆயிடுவாங்களோங்கற சந்தேகம். பேருக்கு இடது ஓரத்துல ஒரு எக்ஸ் குறி இருந்தா நிறுத்தி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், எஸ்ஐன்னு இருந்தா தனி விசாரணைக்குப் போயிருக்காங்க. அப்படி இருந்தா அதே கப்பலோட லிஸ்ட் கடைசி வரைக்கும் பக்கம் பக்கமா தள்ளிப் போங்க, நிறுத்தி வச்சவங்களுக்குன்னு தனி ஷீட் இருக்கும். ஏன் நிறுத்துனாங்க, யார் வந்து கூட்டிட்டுப் போனாங்க, அவங்க அட்ரஸ், எத்தனை மணிக்கு விட்டாங்க, இருந்த நேரத்துல எத்தனை வேளை சாப்பாடு கொடுத்தாங்கன்னு கூட எழுதியிருப்பாங்க. தெரியாத மருமகனோட பேரும் தெருவும் எனக்கு முதன்முதலா கிடைச்சது இந்த மாதிரி ஒரு ஷீட்ல தான், பக்கத்துல காலைச் சாப்பாடு 2ன்னு பார்த்தப்போ அந்த அம்மா ரெண்டு நாள் அங்க உட்கார்ந்திருந்தது கண் முன்னாடி வந்துடுச்சு.

லிஸ்ட்லயே இல்லன்னா துறைமுகத்தை மாத்திப் பாருங்க. அமெரிக்காவுக்குப் போனவங்க கனடால இறங்கி ரயில்ல எல்லை தாண்டியிருப்பாங்க, அதுக்கு 1895லேர்ந்து செயின்ட் ஆல்பன்ஸ் லிஸ்ட்ன்னு தனிப் பதிவு இருக்கு. வந்த பக்கம் கிடைக்கலன்னா போன பக்கம் பாருங்க: பிரிட்டன்லேர்ந்து வெளியே போன கப்பல்களுக்கு 1890லேர்ந்து 1960 வரை, ஹாம்பர்க்ல 1850லேர்ந்து 1934 வரை லிஸ்ட் இருக்கு.

வயசை கறாரா வச்சுத் தேடாதீங்க. அவங்களுக்கே சரியாத் தெரியாது, சில சமயம் மாத்திச் சொல்ல காரணமும் இருந்துச்சு. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் 1909 ஜனவரியிலேர்ந்து 70 வயசுக்கு பென்ஷன் வந்தது, அதுக்கப்புறம் 1911 ஐரிஷ் சென்சஸ்ல பத்து வருஷத்துல பதினஞ்சு வயசு கூடினவங்கள்லாம் இருக்காங்க. முன்னாடி பின்னாடி பத்து வருஷம் விட்டுத் தேடுங்க.

குடியுரிமைப் பேப்பர் இல்லன்னதும் ஆளே அங்க வரலைன்னு முடிவு பண்றாங்க. அந்த வயசுல வந்தவங்க பலர் குடியுரிமைக்குப் போறதே இல்ல. அமெரிக்கால அதுவே நமக்கு நல்லதா முடியலாம், ஏன்னா 1940ல 14 வயசுக்கு மேல இருந்த வெளிநாட்டுக் குடிமக்கள் எல்லாரும் கண்டிப்பா ரெஜிஸ்டர் பண்ணணும்னு சட்டம் வந்துச்சு. அந்த ஃபார்ம்ல பிறந்த ஊர், பிறந்த தேதி, வந்த கப்பல் எல்லாம் கேட்டாங்க, அதைத் தேடித் தரச் சொல்லி அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ்ஸோட ஜீனியாலஜி ப்ரோக்ராம்ல பணம் கட்டிக் கேக்கலாம்.

கல்லறையை நம்பி ஏமாறவும் வாய்ப்பு இருக்கு. ஊர்ல கணவர் கல்லறைக் கல்லுல மனைவி பேரும் செதுக்கியிருக்கும், நாம ரெண்டு பேரும் அங்க தான் இருக்காங்கன்னு நினைப்போம், ஆனா ஊர்ல இருந்த பிள்ளை நினைவுக்காக பேரை மட்டும் சேர்த்திருப்பாரு. அவங்க அடக்கமானது கடல் தாண்டி மருமகனோட குடும்ப இடத்துல, பல நேரம் தனிக் கல்லே இல்லாம. அதனால சிமெட்ரி ஆபீஸ்ல அந்த இடத்துல அடக்கமான எல்லார் பேரும் கேளுங்க.

ஆஸ்திரேலியா போனவங்கன்னா இறப்பு சர்டிபிகேட்டுக்கு காசு செலவு பண்ண யோசிக்காதீங்க. விக்டோரியால 1853லேர்ந்தே அதுல பெத்தவங்க பேர், பிள்ளைங்க பேர் வயசோட, அந்த நாட்டுல எத்தனை வருஷம் இருந்தாங்கங்கறது வரைக்கும் கேட்டு எழுதினாங்க. ஆனா சொன்னது யாருன்னு பாருங்க, மருமகன் சொல்லியிருந்தா மாமியாரோட அம்மா பேர் தப்பா இருக்க நிறைய சான்ஸ் இருக்கு.

எங்கயுமே இறப்பு கிடைக்கலன்னா இன்னும் மூணு இடம் பாக்கி இருக்கு. போனவங்களுக்கு இங்கிலாந்துல சொத்து ஏதாவது மிச்சம் இருந்திருந்தா 1858லேர்ந்து வர்ற ப்ரொபேட் காலண்டர்ல, அதாவது இறந்தவங்க உயில், சொத்து பத்தின வருஷாந்தரப் பட்டியல்ல, வெளிநாட்டுல இறந்த ஊரோட பேர் வந்திருக்கும். சிலர் ஒத்துக்காம திரும்பி வந்திருப்பாங்க, அதுக்கு உள்ளே வந்த கப்பல் லிஸ்ட் பார்க்கணும். சிலர் போய்ச் சேரவே இல்ல, பிரிட்டிஷ் கப்பல்கள்ல நடந்த இறப்புகளை 1837லேர்ந்து தனியா பதிஞ்சு வச்சிருக்காங்க, அதையும் ஒரு தடவை திறந்து பாருங்க.