கத்திரி வெயில்ல பசங்களுக்கு ஒரு வார சம்மர் கேம்ப்: முதல் தடவ நடத்துறவங்களுக்கு

தெருவுலயோ அபார்ட்மெண்ட்லயோ ஒரு 25 பசங்கள வச்சு ஒரு வாரம் கேம்ப் போடலாம்னு நினைக்கிறவங்க எல்லாரும் முதல்ல உக்காந்து எழுதுறது ஆக்டிவிட்டி லிஸ்ட்தான், திங்கள் டிராயிங், செவ்வாய் டான்ஸ், புதன் அடுப்பில்லா சமையல்னு கலர் கலரா. அத கடைசியா எழுதுங்க. நான் இருக்குறது வேலூர், இங்க மே மாசம் 40 டிகிரி தாண்டுறதெல்லாம் ஒரு நியூஸே இல்ல, அதனால எத்தன மணிக்கு ஆரம்பிக்கணும் எப்ப முடிக்கணும்னு வெயில்தான் முடிவு பண்ணும், மிச்சம் இருக்குற நேரத்துலதான் நம்ம டிராயிங்கும் டான்ஸும்.

ஸ்டெப் 1: நேரம்

காலைல 7.30 டு 10.30. அவ்ளோதான். அக்னி நட்சத்திரம் வழக்கமா மே 4ல இருந்து 28 வரைக்கும், முடிஞ்சா ஏப்ரல் கடைசிலயோ ஜூன் ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடி வாரமோ வைங்க, ஆனா லீவு, ஊருக்குப் போறது எல்லாம் பாத்தா பெரும்பாலும் கத்திரியிலதான் வந்து நிக்கும். வேலைக்குப் போற பேரண்ட்ஸ் "சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கோங்களேன் சிஸ்டர்"னு கேப்பாங்க, பாவமாத்தான் இருக்கும், ஆனா முதல் தடவ நடத்துறவங்க ஒத்துக்காதீங்க, மதிய சாப்பாடு, தூக்கம், கரண்ட் கட்னு அது வேற ஒரு வேலை. பகல் 12 டு 3 வெளிய போகாதீங்கன்னு அரசாங்கமே சொல்லுது, பிள்ளைங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே வீடு போய் சேந்துடணும்.

ஸ்டெப் 2: இடம்

மொட்டை மாடி வேணாம், அதுக்கு நேர் கீழ இருக்குற ஹாலும் வேணாம், கான்கிரீட் முந்தின நாள் வாங்குன சூட்டையே காலைலயும் இறக்கிட்டு இருக்கும். தரைத்தளத்துல ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்குற ஹால், பக்கத்துல பாத்ரூம், வாசல்ல ஒரு வேப்பமரம் இருந்தா ராஜயோகம். தகர ஷெட் இலவசமா கிடைச்சாலும் கும்பிடு போட்டு வேணாம்னு சொல்லிடுங்க.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க: செருப்பு. பசங்க வாசப்படில வெயில்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்துடுவாங்க, 10.30க்கு அதுல கால வச்சதும் கத்துவாங்க. நிழல்ல ஒரு பழைய சாக்கு விரிச்சு அங்கதான் விடணும்னு முதல் நாளே பழக்கிடுங்க.

ஸ்டெப் 3: ஃபார்ம்

ஒரு பக்கம் போதும். பேர், வயசு, ரெண்டு ஃபோன் நம்பர், கூட்டிட்டுப் போக யார் வருவாங்க, எந்த சாப்பாடு ஒத்துக்காது, வீசிங், ஃபிட்ஸ் ஏதாவது இருக்கா. வாட்ஸ்அப்ல வாங்குனாலும் ஒரு பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கோங்க. ஃபார்ம்ல பேர் இல்லாதவங்க "நான் மாமாதான்"னு வந்து நின்னாலும் அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேக்காம அனுப்பாதீங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும். எந்த நேரமும் ரெண்டு பெரியவங்களாவது ஹால்ல இருக்கணும், ஒரு பெரியவர் தனியா ஒரு குழந்தையோட மூடுன ரூம்ல இருக்குற மாதிரி எதுவும் வைக்காதீங்க.

ஸ்டெப் 4: தண்ணி கணக்கு

இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுவாங்க. "பாட்டில் கொண்டு வாங்க"னு சொன்னா போதாது, 8 மணிக்கே பாதி பாட்டில் காலி. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒருத்தருக்கு 150 மில்லின்னு வைங்க, 25 பேருக்கு ஒரு ரவுண்டுக்கே 3.75 லிட்டர், மூணு மணி நேரத்துல ஒம்போது ரவுண்டு, கிட்டத்தட்ட 34 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு ரெண்டு 20 லிட்டர் கேன். முந்தின நாள் ராத்திரியே கொஞ்சம் மண்பானைல ஊத்தி வச்சா காலைல ஜில்லுனு இருக்கும். தாகம் எடுத்தா குடிப்பாங்கன்னு விடாதீங்க, விளையாட்டு மும்முரத்துல குடிக்கவே மாட்டாங்க. ஒரு மணி வாங்குங்க, அடிச்சா எல்லாரும் குடிக்கணும், அத அடிக்கிற டியூட்டிக்கு பசங்களுக்குள்ள அடிதடியே நடக்கும்.

மோர் 9 மணிக்கே குடுத்துடுங்க, ஐஸ் இல்லாம 11 வரைக்கும் வச்சா புளிச்சுடும். தர்பூசணிய முன்னாடியே வெட்டி வைக்காதீங்க, ஈ மொய்க்கும், குடுக்குறப்ப வெட்டுங்க. கலர் ஐஸ், பாக்கெட் ஜூஸ் வேணாம்.

ஸ்டெப் 5: இப்ப ஆக்டிவிட்டி லிஸ்ட்

8.45 வரைக்கும் வெளிய: நொண்டி, கோகோ, பச்சக்குதிரை எதுனாலும். அப்புறம் உள்ள வந்து முகம் கழுவி, சுண்டல் சாப்ட்டு, உக்காந்து செய்ற வேலை. ஃபேன் ஃபுல் ஸ்பீடுல பேப்பர் பறக்கும், ஆஃப் பண்ணா பசங்க வேர்த்து ஊத்துவாங்க, அதனால ஆளுக்கு நாலு கூழாங்கல் குடுத்துடுங்க. கிரேயான்ஸ ஜன்னலோரம் வைக்காதீங்க, வளைஞ்சுடும்.

எனக்குக் கேட்டா கிராஃப்ட விட பழைய விளையாட்டுங்கதான் காசு வசூல். ஆடு புலி ஆட்டத்துக்கு ஒரு சாக்பீஸும் தரையும் போதும்: புலி 3, ஆடு 15, புளியங்கொட்டையும் சோழியும் காய். ஆடு வைக்கிறவங்க ஒவ்வொண்ணா வைக்கணும், 15ம் வச்சு முடிக்கிற வரைக்கும் எந்த ஆடும் நகரக்கூடாது, புலி மட்டும் நகரலாம், ஆட்டத் தாண்டி அடுத்த புள்ளி காலியா இருந்தா குதிச்சு வெட்டலாம். மூணு புலியயும் நகர விடாம அடைச்சா ஆடு ஜெயிச்சுது. பத்து வயசுப் பொண்ணு ஒண்ணு எங்க பால்காரர் அண்ணனையே அடைச்சுப் போட்டுச்சு, மனுஷன் அடுத்த நாள் பால் ஊத்திட்டு திரும்பவும் வந்து உக்காந்துட்டார்.

6-8 வயசையும் 9-12 வயசையும் தனித்தனியா பிரிச்சுடுங்க, இல்லன்னா பெருசுங்க ஆடும், சின்னதுங்க அழும்.

ஸ்டெப் 6: புதன்கிழமை

இத தனியா எழுதக் காரணம் இருக்கு. திங்கள் புதுசு, செவ்வாய் ஜாலி, புதன்ல எல்லாருக்கும் வெயில் அசதி தலைக்கேறி, தொட்டதுக்கெல்லாம் சண்டை வரும், உங்களுக்கும் வரும். அன்னைக்கு ஓட்டம் எதுவும் வேணாம், கதை, விடுகதை, தாயம், பல்லாங்குழி, ஈரத்துண்டால முகம் துடைக்கிறதுன்னு மெதுவா ஓட்டுங்க.

ஸ்டெப் 7: யாருக்காவது முடியலன்னா

தலைவலி, வாந்தி வர்ற மாதிரி, மயக்கமா வருதுன்னு சொன்னா உடனே நிழல், ஈரத்துணி, கொஞ்சம் கொஞ்சமா ஓஆர்எஸ். பாக்கெட்ல எத்தன மில்லின்னு போட்டிருக்கோ அத்தன தண்ணில முழுசா கரைக்கணும், பாதி பாதியா போடக்கூடாது. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவச்ச தண்ணி, தலை தட்டி 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மெடிக்கல்ல டெட்ரா பேக்ல வித்த இனிப்பு டிரிங்க்ஸ் பேர்ல ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்லயே எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) சொல்லியாச்சு, அத நம்பி வாங்காதீங்க.

ஆனா பிள்ளை உளறுது, கூப்பிட்டா சரியா பாக்கல, மயங்கி விழுந்துடுச்சு, உடம்பு கொதிக்குதுன்னா அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். ஒருத்தர் 108க்கு அடிக்கணும், இன்னொருத்தர் அந்த நிமிஷமே துணிய தளத்தி உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறணும், ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்துட்டு இருக்கக் கூடாது. நினைவில்லாத பிள்ளை வாயில எதுவும் ஊத்தாதீங்க. பாரசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது.

ஸ்டெப் 8: வெள்ளிக்கிழமை

பேரண்ட்ஸுக்கு புரோகிராம் வைக்கிறதுன்னா சாயங்காலம் 5.30க்கு மேல, 45 நிமிஷம். சின்னப் பசங்கள முதல்ல ஆட விட்டுடுங்க, மேக்கப்போட காக்க வச்சா வேர்வைல மை கண்ணுக்குள்ள போகும். சிறப்பு விருந்தினர்னு யாரையாவது கூப்பிட்டா மைக் அவர் கையில ரொம்ப நேரம் இருக்காம பாத்துக்கோங்க. சர்டிபிகேட்ல பேர தமிழ்ல எழுதுறீங்கன்னா முந்தின நாளே பசங்க கிட்டயே காட்டி சரி பாத்துடுங்க, னகரம் ணகரம் மாறுனா அந்த வீட்டுப் பாட்டி விடவே மாட்டாங்க.